பிடிக்காத கூட்டாளியைக் கட்டி இழுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணினி விளையாட்டுகளைப் பற்றி நாளிதழில் ஒரு பக்கம் ஒதுக்குவதே அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் ‘பால்டர்ஸ் கேட் 3’ பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரை, அதில் நம்மோடு வரும் கூட்டாளிகளைப் புகழ்ந்து தள்ளிவிட்டு, அவர்களைப் பிடிக்காதவர்களுக்கு இந்த விளையாட்டே ஒத்துவராது என்கிற தொனியில் முடிந்திருந்தது. இது சரியில்லை. கூட்டாளிகளைச் சகிக்க முடியாமல் பத்து மணி நேரத்தில் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய எரிச்சலில் பாதிக்குக் காரணம் ரசனை அல்ல, விளையாட்டின் உள்கணக்கு. மீதிப் பாதிக்கும் வழி உண்டு. அந்த வழியைத்தான் யாரும் எழுதுவதில்லை.

ஆடாதவர்களுக்காக இரண்டு வரி. பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சேர்ந்த லேரியன் ஸ்டூடியோஸ் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட விளையாட்டு இது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகள், முறை வைத்து அடிக்கும் சண்டை, ஒரு நேரத்தில் நான்கு பேர். நம்மைத் தவிர மூன்று இடங்கள். அவற்றுக்குப் போட்டியாகக் கதைநெடுக மொத்தம் பத்துப் பேர் வருகிறார்கள்.

இவர்களில் முதலில் எதிர்ப்படும் நால்வரின் அறிமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லேசெல் வாளை நீட்டிக்கொண்டு வருகிறாள். அஸ்டேரியன் உதவி கேட்பதுபோல் கூப்பிட்டுக் கழுத்தில் கத்தி வைக்கிறான். ஷேடோஹார்ட் எதைக் கேட்டாலும் மழுப்புகிறாள். கேல் மட்டும்தான் சிரித்த முகம். ஆனால் இரண்டு நாளில் ‘உன்னிடம் உள்ள மந்திரப் பொருள் ஒன்றைக் கொடு, நான் விழுங்க வேண்டும்’ என்று வந்து நிற்கிறான். இவர்கள் எல்லாரும் பின்னால் மாறுவார்கள் என்பது முடித்தவர்களுக்குத் தெரியும். புதிதாக ஆடுபவர் பார்ப்பது இந்த நான்கு முகத்தைத்தான். 2020 அக்டோபரில் முன்னோட்டப் பதிப்பு வந்தபோதே இந்தக் குறை எழுந்தது. லேரியனும் காதில் வாங்கிக்கொண்டது. ஷேடோஹார்ட்டின் கடுகடுப்பைக் குறைத்தார்கள், வில் என்கிற பாத்திரத்தைக் குரல் நடிகர் உட்பட முழுக்க மாற்றி எழுதினார்கள். வில்லின் கதை மற்றவர்களுடையதைவிட மெலிந்து தெரிவதற்கு இந்தக் கடைசி நேர மாற்றமே காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கேல் விஷயத்தில் பழி முழுக்க அவன்மேல் இல்லை. விளையாட்டு வெளியான புதிதில், நட்பாக ஒரு வார்த்தை பேசினாலே அவன் காதல் பேச ஆரம்பித்துவிடுவான். வழிகிறான், ஒட்டிக்கொள்கிறான் என்று அவனுக்கு வந்த கெட்ட பெயர் இன்னும் போகவில்லை. உண்மையில் அது பிழை. அப்ரூவல், அதாவது நம்மீது கூட்டாளிக்குள்ள மதிப்பு, எட்ட வேண்டிய எல்லை சில பாத்திரங்களுக்குத் தவறாகத் தாழ்வாக அமைந்துவிட்டதாக லேரியனின் தலைவர் ஸ்வென் வின்கே பேட்டியிலேயே ஒப்புக்கொண்டார். பிறகு திருத்திவிட்டார்கள். 2023 ஆகஸ்டில் ஆடிவிட்டுக் கேலை வெறுத்தவர்கள் வெறுத்தது ஒரு தவறான எண்ணை.

ஷேடோஹார்ட்டின் கதை இன்னும் சுவாரசியம். ‘அவள் அடிக்கிற அடி ஒன்றும் படாது’ என்பது ஆடுபவர்களிடையே பழைய கேலி. அது ஏன் என்று கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். அவள் மதகுரு, அவளுடைய மந்திரங்கள் ஞானம் என்ற பண்பில் ஓடுகின்றன. அதில் அவளுக்கு 17, அதாவது கூட்டல் 3. ஆனால் பாதி எல்ஃப் பிறப்பினால் கிடைத்த ஃபயர் போல்ட் என்ற சின்ன மந்திரம் அறிவு என்ற பண்பில் ஓடுகிறது. அதில் அவளுக்கு 10, கூட்டல் சுழியம். ஆரம்ப நிலையில் பயிற்சிக்கான 2 மட்டுமே மிச்சம். பகடையில் விழுவதும் இந்தக் கூட்டலும் சேர்ந்து எதிரியின் கவச எண்ணை எட்டினால்தான் அடி படும். அந்த எண் 15 என்றால் இருபது முகப் பகடையில் 13 அல்லது அதற்குமேல் விழ வேண்டும்: நூற்றுக்கு 40. பத்து முறை வீசினால் ஆறு முறை தீக்கோளம் எதிரியின் தலைக்குமேல் பறக்கும். சேக்ரட் ஃபிளேம் என்ற இன்னொரு மந்திரத்தைப் போட்டாலும் எதிரி கொஞ்சம் சுறுசுறுப்பானவன் என்றால் பாதிக்குப் பாதிதான்.

இதற்குத் தீர்வு 100 பொற்காசு. முதல் கடற்கரைக்கு மேலே பாழடைந்த கோயிலின் நிலவறையில் விதர்ஸ் என்கிற எலும்புக்கூட்டு மனிதர் கல்லறைப் பெட்டிக்குள் இருக்கிறார். அங்கே போகாமல் விட்டாலும் சில நாளில் அவரே முகாமுக்கு வந்து நிற்பார். அவரிடம் 100 கொடுத்தால் எவரையும் முதல் நிலையிலிருந்து மறுபடி அமைக்கலாம். ஷேடோஹார்ட்டுக்குக் கைவசம் உள்ள 27 புள்ளியை இப்படிப் பிரியுங்கள்: பலம் 10, லாகவம் 14, உடலுறுதி 14, அறிவு 10, ஞானம் 17, வசீகரம் 10. ஞானத்துக்கான கூட்டல் 2, லாகவத்துக்கான கூட்டல் 1 ஆகியவையும் இந்த எண்களில் அடக்கம். லாகவத்தை 14-இல் நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நடுத்தரக் கவசம் போட்டால் அதிலிருந்து கூட்டல் 2-க்குமேல் சேராது, 16 வைத்தால் வீண். அவளுடைய ‘தந்திரம்’ என்ற பிரிவை மாற்றி ‘ஒளி’ எடுங்கள். கதையில் எதுவும் மாறாது, ஷார் என்ற இருட்டின் தெய்வத்தைக் கும்பிடுபவள் ஒளி மந்திரம் போடுவாள்; அந்த முரணை விளையாட்டு கண்டுகொள்வதில்லை. அடுத்து, கீழ்ப்பட்டையிலிருந்து ஃபயர் போல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஞானத்தில் ஓடும் கைடிங் போல்ட் மந்திரத்தை வையுங்கள். அதே 15 கவச எதிரிக்கு இப்போது 10 விழுந்தால் போதும், நூற்றுக்கு 55. பட்டால் நான்கு ஆறுமுகப் பகடை சேதம், அடுத்து அவனை அடிப்பவருக்கும் சாதகம். சண்டையின் முதல் முறையிலேயே பிளெஸ் என்ற ஆசி மந்திரத்தைப் போட்டுவிட்டால் மூன்று பேருடைய ஒவ்வோர் அடிக்கும் ஒரு நாலுமுகப் பகடை கூடும். இவ்வளவும் செய்த பிறகும் அவளைப் பிடிக்கவில்லை என்றால் அது நிஜமான பிடிக்காமை, மதிக்க வேண்டும்.

இன்னொரு காரணம், தூங்காமல் ஆடுவது. கூட்டாளிகளின் கதை பெரும்பாலும் இரவு முகாமில்தான் திறக்கும். லாங் ரெஸ்ட் என்ற முழு ஓய்வு எடுத்தால்தான் இரவு வரும். சாதாரண நிலையில் ஒரு முழு ஓய்வுக்கு 40 உணவுப் பொருள் வேண்டும், டாக்டீஷியன் என்ற கடின நிலையில் 80. சிக்கனமாக ஆடிப் பழகியவர்கள் இந்த உணவைப் பதுக்கி வைப்பார்கள். இரண்டு குட்டி ஓய்வில் சமாளித்து, ஒரே பகலில் பாதி வரைபடத்தை முடித்துவிடுவார்கள். இதனால் என்ன ஆகிறது? ஓர் இரவுக்குப் பெரும்பாலும் ஒரு காட்சிதான் ஓடும். மீதிக் காட்சிகள் வரிசையில் நிற்கும். அடுத்த கட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் வரிசையில் நின்ற சில, போனது போனதுதான். அப்படி ஆடியவருக்கு அஸ்டேரியன் கடைசிவரை கத்தி வைத்தவனாகவே தெரிவான். உணவு தீர்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். வழியில் உள்ள பெட்டி, பீப்பாய், கூடை ஒன்று விடாமல் துழாவினால் மிஞ்சும் அளவுக்குக் கிடைக்கும். அப்படியும் மனம் வரவில்லை என்றால் உணவே இல்லாமல் அரைகுறை ஓய்வு எடுக்கலாம். உயிரும் மந்திரமும் முழுதாக நிரம்பாது, ஆனால் இரவுக் காட்சி வரும். பெரிய சண்டை ஒன்று முடிந்தாலோ, கதையில் திருப்பம் வந்தாலோ, முகாமில் எவர் தலைக்குமேலாவது ஆச்சரியக்குறி தெரிந்தாலோ அன்று தூங்கிவிடுவது நல்லது.

இனி, எல்லாம் செய்தும் பிடிக்காதவர்களுக்கு.

ஒவ்வொரு கூட்டாளிக்கும் நம்மீதான அப்ரூவல் என்று மறைவாக ஓர் எண் ஓடுகிறது. மைனஸ் 50-இலிருந்து 100 வரை. நாம் செய்வதைப் பொறுத்து ஒன்று, ஐந்து என்று ஏறும், இறங்கும். மைனஸ் 50-ஐத் தொட்டால் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அகதிகளுக்குக் கூலி கேட்காமல் உதவினால் வில்லுக்கு மகிழ்ச்சி, அஸ்டேரியனுக்கு முகம் சுளிக்கும். எல்லாரையும் திருப்திப்படுத்த நினைத்தால் பைத்தியம் பிடித்துவிடும். ஆனால் இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: அப்போது நம்முடன் நடந்து வருபவர்களுக்குத்தான் பெரும்பாலும் அந்தக் கணக்கு. முகாமில் இருப்பவர் காணாததைக் குறை சொல்ல மாட்டார். வழியில் நொச்சு நொச்சென்று பேசவும் மாட்டார். அனுபவப் புள்ளியும் குறையாது. முகாமில் படுத்துக் கிடந்தாலும் நம்மோடு சேர்ந்தே நிலை ஏறுவார். ஆகவே பிடிக்காதவரை விரட்டுவதைவிட முகாமில் உட்கார வைப்பது லாபம். கடைசியில் ஏதாவதொரு கதவுக்கு அவர் தேவைப்பட்டால் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

காலியான இடத்தை நிரப்ப அதே விதர்ஸிடம் போகலாம். 100 பொற்காசுக்குக் கூலி ஆள் தருவார். மதகுரு, திருடன் என்று வகுப்புக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர். நம்முடைய நிலையிலேயே வருவார்கள். கதை கிடையாது, அப்ரூவல் கிடையாது, நம்மைத் திருத்தும் ஆசையும் கிடையாது. மூன்று பேர்வரை வைத்துக்கொள்ளலாம். பூட்டுத் திறக்க மட்டுமே அஸ்டேரியன் என்ற ரத்தக்காட்டேரியைச் சுமப்பவர்கள் கவனிக்க: பூட்டுக்கும் பொறிக்கும் வேண்டியது கைலாகவப் பயிற்சியும் நல்ல லாகவமும்தான், ரத்தக்காட்டேரி அல்ல. திருட்டு வகுப்புக் கூலி ஆள் ஒருவர் போதும். அல்லது உங்கள் சொந்தப் பாத்திரத்தை உருவாக்கும்போதே தெருப்பிள்ளை அல்லது ஏமாற்றுக்காரர் மாதிரி கைலாகவம் தரும் பின்னணியைத் தேர்ந்தெடுத்து, லாகவத்தை 16 ஆக்கினால் அந்தக் கூலி ஆளுக்கும் வேலையே இல்லை.

கூலி ஆட்களின் முகமும் பிடிக்கவில்லை, நால்வரையும் நானே வடிக்க வேண்டும் என்றால், கூட்டாகச் சேர்ந்து ஆடும் வசதியைத் தனியாக இருந்தே பயன்படுத்துவது ஒரு வழி. பிளேஸ்டேஷன் 5-இல் இரண்டாவது கன்ட்ரோலரை இணைத்து இரண்டாம் ஆட்டக்காரராகப் பாத்திரத்தை உருவாக்கி, ஆட்டம் தொடங்கியதும் அந்தக் கன்ட்ரோலரைத் துண்டித்துவிட்டால் அந்தப் பாத்திரம் உங்கள் கட்டுப்பாட்டுக்கு வந்துவிடும். கணினியில் விளையாட்டை ஒன்றுக்கு மேற்பட்ட முறை திறந்து உள்வலையில் இணைத்து நான்கு பேரையும் உருவாக்கலாம். இதில் ஒரு சங்கடம்: இப்படி வந்தவர்களைச் சாதாரணக் கூட்டாளிபோல் முகாமுக்கு அனுப்ப முடியாது. இடத்தை அடைத்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களைக் கழற்றிவிட முகாமில் விதர்ஸ் பெயரிலேயே ஓர் அலமாரியைப் பின்னர் சேர்த்திருக்கிறார்கள்.

ஒரேயடியாகத் துரத்தத்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். முதலில் அவர் உடம்பில் உள்ள கவசம், மோதிரம், பையில் உள்ள மருந்து எல்லாவற்றையும் கழற்றி முகாம் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் சண்டையைத் தொடங்க வேண்டும். லேசெலுக்கும் ஷேடோஹார்ட்டுக்கும் இடையே ஓர் இரவில் கத்தி உருவும் காட்சி வரும். பேசித் தடுக்காவிட்டால் ஒருத்தி செத்துவிடுவாள், அவளோடு பிற்பாடு வரும் ஒரு பெரிய கதையே போய்விடும். அகதிகள் தங்கியுள்ள தோப்பைத் தாக்கினால் வில்லும் கார்லாக் என்ற இன்னொரு கூட்டாளியும் நம்மை விட்டு நீங்கிவிடுவார்கள், சமாதானம் கிடையாது. எல்லாவற்றையும்விட ஆபத்து கேல். அவனைச் சந்திக்காமலே கடந்து போவதில் பிரச்சினை இல்லை. சேர்த்துக்கொண்ட பிறகு அவன் செத்துவிட்டால் மட்டும் ‘ஒழிந்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். அவன் நெஞ்சுக்குள் நெதரில் என்ற பழைய பேரரசின் காலத்து மந்திரக் குண்டு ஒன்று இருக்கிறது. உயிர்ப்பிக்காமல் நாள்களைக் கடத்தினால் அது வெடிக்கும், ஆட்டமே முடிந்துவிடும். ஆனர் என்ற மிகக் கடின நிலையில் ஒரே சேமிப்புதான் என்பதால் அந்த ஆனர் முயற்சியே பாழ். விதர்ஸிடம் 200 பொற்காசு கொடுத்தால் உயிர் வந்துவிடும்; பிறகு முகாமில் உட்கார வைத்துவிடுங்கள். அவன் கேட்கும் மந்திரப் பொருள் மூன்றே மூன்றுதான். பச்சை நிறத்தில் பெயர் தெரியும் மலிவுச் சரக்கு போதும். அரபெல்லா என்ற சிறுமியைக் காப்பாற்றினால் அவள் தாய் கோமிரா தரும் லாக்கெட் அதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். நல்ல வாளைக் கொடுத்துவிட்டுப் பிறகு அவனைத் திட்டுவதில் பொருளில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, லேரியன்மேல் எனக்குள்ள மனக்குறையையும் சொல்ல வேண்டும். பிடிக்காமை என்பதைப் பழைய விளையாட்டுகள் ஆட்டத்தின் பகுதியாகவே வைத்திருந்தன. 1998-இல் பயோவேர் செய்த முதல் ‘பால்டர்ஸ் கேட்’டில் ஆறு பேர் போகலாம். அனுபவப் புள்ளியை ஆள் கணக்கில் பங்கிட்டார்கள். ஆறு பேருக்குப் பதில் மூன்று பேர் போனால் ஆளுக்கு இரட்டிப்பு. பிடிக்காதவரை விட்டுவிட்டதற்குக் கைமேல் பலன். சிலர் ஜோடியாகத்தான் வருவார்கள். ஜஹீராவை வைத்துக்கொண்டு அவள் கணவன் காலித்தை அனுப்பினால் அவளும் கிளம்பிவிடுவாள். அதற்கும் ஆட்டக்காரர்கள் வழி கண்டுபிடித்தார்கள்: காலித்தை மட்டும் ஒரு வீட்டுக்குள் அனுப்பி, உள்ளே நிற்கும்போதே குழுவிலிருந்து நீக்கிவிட்டால் வெளியே நிற்கும் ஜஹீரா கேட்க ஆளில்லாமல் நம்மோடு தொடர்வாள். அநியாயம்தான், ஆனால் இருபத்தைந்து வருடம் கழித்தும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். 2000-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கெல்டோர்னும் வைகோனியாவும் ஒரே குழுவில் இருந்தால் ஒருநாள் வெட்டிக்கொள்வார்கள். அதே ஆண்டில் பிளாக் ஐல் உருவாக்கிய ‘ஐஸ்விண்ட் டேல்’ பேச்சையே வளர்க்கவில்லை. ஆறு பேரையும் நாமே செய்துகொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது 2011-இன் ‘டிராகன் ஏஜ் 2’. அதற்கு முந்தைய பாகத்தில் பரிசுப் பொருளை அள்ளிக் கொடுத்தே கூட்டாளியின் அன்பை வாங்கிவிடலாம், கல்யாண வீட்டு மொய் மாதிரி. இரண்டாம் பாகத்தில் ஒரே அளவுகோலின் ஒரு முனையில் நட்பு, மறு முனையில் போட்டி என்று வைத்தார்கள். கூட்டாளி நம்மோடு எல்லா விஷயத்திலும் முரண்பட்டு, அதே சமயம் விட்டுப் போகாமல் கூடவே நின்று, போட்டி முனையை எட்டினால் அதற்கென்று தனித் திறனும் தனிக் காட்சிகளும் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவில் மிதப்பவருக்குத்தான் நஷ்டம். ‘உன்னை எனக்குப் பிடிக்காது, ஆனால் உன் வாள் வேண்டும்’ என்று சொல்லி முழுக் கதையையும் முடிக்கலாம். பால்டர்ஸ் கேட் 3-இல் இதற்கு இடமில்லை. அப்ரூவல் ஏறினால் கதை திறக்கும், இறங்கினால் கதவு மூடும், அவ்வளவுதான். லேசெலோடு ஆரம்பத்தில் முட்டிக்கொண்டு, அவளுடைய மக்களின் கோட்டையில் அவள் நம்பிக்கை உடையும்போது பக்கத்தில் நிற்பதுதான் அந்தக் கதையின் அழகு. ஆனால் முட்டிக்கொண்டே இருந்தவருக்கு எண் மைனஸில் போய், அந்தக் காட்சிகளின் கனிவு பாதி கிடைக்காமல் போய்விடுகிறது. சண்டைக்காரருக்கும் ஒரு பாதை எழுதியிருக்கலாம். அதை எழுதும் திறமை அவர்களிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

லேரியனே 2017-இல் செய்த ‘டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2’ இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் போனது. முதல் கட்டம் முடிந்து கப்பலேறியதும் குழுவில் இல்லாதவர்கள் செத்துவிடுவார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களுக்கு அதிர்ச்சி. அதன் பிறகு பால்டர்ஸ் கேட் 3-இல் முகாமில் எல்லாரையும் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றியது நல்ல முடிவு. ஆனால் அந்த டிவினிட்டியில் லோன் வுல்ஃப் என்ற திறமையும் இருந்தது. இரண்டு பேருக்குமேல் இல்லாத குழு அதை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு பண்புப் புள்ளியும் இரட்டிப்பாக எண்ணப்படும், உயிர் கூடும், ஒரு முறைக்கு அதிகச் செயல்களும் கிடைக்கும். ஆள் வேண்டாம் என்பவர்களுக்கு மரியாதையான ஏற்பாடு. மூன்றாவது பால்டர்ஸ் கேட்டில் அதை விட்டுவிட்டார்கள். இங்கே அனுபவப் புள்ளி பங்கிடப்படுவதும் இல்லை என்பதால் தனியாகப் போனால் லாபம் ஒன்றும் இல்லை, நான்கு பேர் வாங்க வேண்டிய அடியை ஒருவர் வாங்குவதுதான் மிச்சம்.

அடுத்த முறை இப்படி ஒரு விளையாட்டை விமர்சிக்கும்போது, கூட்டாளிகள் எவ்வளவு உயிரோட்டமானவர்கள் என்பதோடு இன்னும் மூன்று விவரங்களையும் தங்கள் கட்டுரையாளர் சேர்த்தால் நன்றாக இருக்கும்: பிடிக்காதவரை ஓரமாக உட்கார வைக்க முடியுமா, உட்கார வைத்தால் என்ன இழப்பு, பதிலுக்கு ஆள் கிடைக்குமா. பணம் கொடுத்து வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு இவை கதைச்சுருக்கத்தைவிட உதவும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்